மண்டபத்தைத் திறந்துவிடும் முன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

பினாங்கு மாநிலக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருப்பவன். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. மாத்திரையை எண்ணிப் பையில் போட்டு, “இது சாப்பாட்டுக்கு முன்னே, இது சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று கவுண்டர் சன்னல் வழியாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தவன். அந்தத் தகுதியோடுதான், கண்ட மருந்தையும் விற்க நம் மண்டபங்களைத் திறந்துவிடுவதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது எந்த மண்டபத்தில் நடந்தது என்று எழுதப்போவதில்லை. அந்த நிர்வாகத்தினர் நல்லவர்கள். என் பேரப்பிள்ளைகள் தேவாரம் கற்றது அவர்களிடம்தான். தவறு அங்கே மட்டும் நடப்பதும் இல்லை. பெருநிலத்தில் நடக்கிறது, தீவிலும் நடக்கிறது. திருவிழாக் கடை வரிசையில் நடக்கிறது, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்திலும் நடக்கிறது.

போன வருடம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்தது. வாசலில் “இலவச நாடிப் பரிசோதனை” என்று பேனர். மேசையின் மேல் சிவப்புத் துணி, அதன்மேல் போத்தல்களைக் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்தார். நம் ஆட்களே அவருக்கு மாலை போட்டு அறிமுகப்படுத்தினார்கள். நாள்பட்ட அசீரணத்துக்கு அவரிடம் ஒரு சாறு இருக்கிறதாம். புளியேப்பம், நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், வாயு, எதுவானாலும் நாற்பத்தெட்டு நாளில் போய்விடுமாம். கொஞ்ச நேரத்தில் பேச்சு வயிற்றை விட்டு நகர்ந்தது. எல்லா நோய்க்கும் வேர் குடலில்தான், குடல் சுத்தமானால் சர்க்கரை இறங்கும், கிட்னிக் கல் கரையும் என்று போனது. ஒரு போத்தல் 95 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாக எடுத்தால் 250.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. “முதல் மாசம் மலம் கறுப்பாப் போகலாம். பயந்துடாதீங்க. இருபது வருஷத்து அழுக்கு வெளியாகுது.”

என் அக்காவுக்கு வயது அறுபத்தேழு. பல வருடமாக ‘கேஸ்திரிக்’. முட்டிவலிக்குத் தனியாக மாத்திரை. அவர் மூன்று போத்தல் வாங்கினார். பணம் கொடுக்கும் முன் ஒன்றை என் கையில் கொடுத்து, “நல்லதாடா தம்பி?” என்று கேட்டார். நான் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் அகத்தியர் படம். பின்பக்கம் மூலிகைப் பெயர்கள் ஏழெட்டு, கடைசியில் “மற்றும் பல”. பதிவு எண் இல்லை. ஒட்டியிருக்க வேண்டிய ஹோலோகிராமும் இல்லை. முப்பத்தொரு வருடம் போத்தலைத் திருப்பிப் பார்த்தவனுக்கு இரண்டு விநாடி போதும். ஆனால் பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார், விற்றவர் கழுத்தில் சாமிக்குப் போட்ட மாலை. நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “இஞ்சி மாதிரிதான் இருக்கு, குடிச்சுப் பாருக்கா” என்றேன்.

அதனால் இந்த மடலில் குற்றம் சாட்டப்படுகிறவர்கள் வரிசையில் முதல் ஆள் நான்.

ஐந்து வாரம் கழித்து அக்காவுக்கு மலம் கறுத்தது. சாதாரணக் கறுப்பு இல்லை. ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரி, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு. அக்காவுக்குச் சந்தோஷம். மகளுக்குப் போன் செய்து “மருந்து வேலை செய்யுது” என்று சொல்லியிருக்கிறார். எட்டு நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் காலையில் குளியலறையில் விழுந்து கிடந்தார். மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்தார்கள்: 6.1. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டியது. மூன்று பை ரத்தம் ஏற்றி, குழாய் விட்டுப் பார்த்ததில் முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் இரைப்பையிலும் குடலிலும் செரித்துக் கீழே வரும்போது கறுப்பாகத்தான் வரும். இருபது வருட அழுக்கு என்று அக்கா நம்பியது அவருடைய சொந்த ரத்தம்.

புண் அந்தச் சாற்றால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். முட்டிவலி மாத்திரையும் ஒரு கிருமியும் சேர்ந்து செய்த வேலை என்று டாக்டர் விளக்கினார். கிருமிக்கு அப்புறம் வருகிறேன். அந்த மனிதர் செய்தது வேறு. உடம்பு அடிக்கும் அபாயமணியை, அது அடிப்பதற்கு முன்பே “பயந்துடாதீங்க” என்று சொல்லி அணைத்துவிட்டார். மைக்கில். நம் மண்டபத்தில்.

இனி உங்களில் சிலர் கேட்பதை நானே கேட்டுக்கொள்கிறேன். “எங்கள் வீட்டில் குடித்தார்கள், நன்றாகத்தானே இருந்தது?” நன்றாக இருந்திருக்கும். நாள்பட்ட அசீரணம் என்று குழாய் விட்டுப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே புண்ணோ கட்டியோ எதுவும் இருக்காது. இரைப்பை மெதுவாக வேலை செய்யும், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்த மாதிரி இருக்கும், மனக்கவலை கூடினால் வயிற்று வலியும் கூடும். இந்த வகை, வரும், போகும். மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஆள் மருந்து தேடுவான். அடுத்த வாரம் தானாகத் தணியும்போது பெயர் மருந்துக்குப் போகும். அதோடு, சாறு குடிக்கும் நாற்பத்தெட்டு நாளும் பத்தியம் என்று சொல்லி இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடிக்கவைக்கிறார்கள், காரத்தையும் காப்பியையும் சிகரெட்டையும் நிறுத்தவைக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு நாசி கண்டார், கூடவே கெட்டித் தே தாரிக் என்று பழகிய வயிறு, வெறும் தண்ணீரைக் குடித்தாலே அந்த நாற்பத்தெட்டு நாளில் தேறிவிடும். இதைச் சொன்னால் என் மைத்துனருக்குக் கோபம் வருகிறது.

சில சாறுகளில் நிலவாகை இருக்கும். நன்றாகப் பேதியாகும், வயிறு லேசாகும், ‘சுத்தமாயிடுச்சு’ என்று தோன்றும். மாதக்கணக்கில் குடித்தால், அதைக் குடிக்காமல் மலம் போகாது என்ற நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். கவுண்டரில் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வியாபாரம் நம்மவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. வெள்ளைக்காரன் இதற்குப் ‘பேட்டண்ட் மருந்து’ என்று பெயர் வைத்தான். பெயர்தான் பேட்டண்ட். உண்மையில் காப்புரிமை வாங்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் வியாபாரம் போய்விடும். அதனால் பெரும்பாலோர் வாங்கவே இல்லை. இங்கிலாந்தில் பீச்சம் மாத்திரை என்று ஒன்று இருந்தது. வாயு, வயிற்று வலி, பித்தம் என்று விளம்பரம் செய்து கோடிக்கணக்கில் விற்றார்கள். “ஒரு பெட்டி ஒரு கினி பெறும்” என்பது அதன் முழக்கம்; கினி என்றால் 21 ஷில்லிங். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட ரகசிய மருந்துகளைச் சோதனைச்சாலையில் பிரித்துப் பார்த்து வெளியிட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், இஞ்சித் தூள், சோப்பு. ஐம்பத்தாறு மாத்திரை கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ். உள்ளே இருந்த சரக்கின் விலை அரை ஃபார்திங். அந்தக் காலத்தில் நான்கு ஃபார்திங் ஒரு பென்னி, பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். கணக்குப் போட்டுப் பார்த்தேன், விற்ற விலையில் நூற்றெட்டில் ஒரு பங்கு. நமக்குப் பழக்கமான எண்தான்.

நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. எங்கள் அம்மா ஓமத்தை வறுத்துக் கசக்கி வாயில் போடுவார். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுப்பார், தீபாவளிக்கு மறுநாள் லேகியம் உருட்டிக் கொடுப்பார். சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம் சேர்ந்த பஞ்ச தீபாக்கினிச் சூரணம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, ஐந்து சரக்கு, ஐந்தையும் எனக்குத் தெரியும். “மற்றும் பல” என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. லிட்டில் இந்தியாவில் பரம்பரையாக மருந்துச் சரக்கு விற்கும் கடைக்காரரிடம் போய் நின்றால், இது எதற்கு, எவ்வளவு என்று சொல்லித்தான் மடித்துக் கொடுப்பார். அவரையும் சிவப்புத் துணிக்காரரையும் ஒரே தட்டில் வைப்பது பாவம்.

ஈனோ மாதிரிப் பொங்கும் உப்பையும் திட்டமாட்டேன். சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான், பொட்டலத்திலேயே எழுதியிருக்கிறது. எப்போதாவது விருந்துக்கு அப்புறம் குடிக்கலாம். தினமும் குடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 5 கிராம் அளவில் ஏறக்குறைய 850 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்தக் கொதிப்புக்காரர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று குடித்துவிட்டு, உப்பில்லாமல் சமைக்கச் சொல்லி மனைவியிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை.

பயப்பட வேண்டியது எழுதாமல் விட்டதற்குத்தான். பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து பிடிபடுவது நம் நாட்டில் பழைய கதை. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், தெம்பு வந்த மாதிரி காட்டும், வலியை அமுக்கும். குடிப்பவர் “மருந்து பிடிச்சிருச்சு” என்பார். வயிற்றில் புண் இருந்தால் அது ஓட்டையாகும்வரை வெளியே தெரியாமலும் போகலாம். மாதக்கணக்கில் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. முகம் வட்டமாக உப்பி, கைத்தோல் காகிதம் மாதிரி மெலிந்து வந்து நிற்கும் பாட்டிகளைப் பார்த்தால் மருந்தகத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்றால், “ஒண்ணுமில்லப்பா, மூலிகைதான்.”

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் விற்கும் மருந்து எதுவானாலும், பாரம்பரிய மருந்து உட்பட, 1984-ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் ‘மால்’ (MAL) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதன்பின் எட்டு எண், கடைசியில் ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்துக்கு அந்தக் கடைசி எழுத்து ‘டி’ (T). எண்ணைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் தட்டினால் பொருளின் பெயரும் பதிவுக்காரரின் பெயரும் வந்துவிடும். தட்டித்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேறு பொருளின் எண்ணை அச்சடித்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘டி’ என்று இருந்தால் நோய் தீரும் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது. ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை அளவுக்கு மேல் இல்லை, கள்ளத்தனமாக எதுவும் கலக்கவில்லை என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ இருந்தாலே போதும் என்கிறேன் நான்.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இன்னொரு சட்டம். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம். மருந்தை விளம்பரம் செய்ய வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி எண் ‘கே.கே.எல்.ஐ.யு.’ (KKLIU) என்று தொடங்கும், விளம்பரத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் என்று இருபது நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யவே கூடாது. இந்தச் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பதற்குள் வாயால் அறிவிப்பதும் அடக்கம். ஒலிபெருக்கியும் அடக்கம். அசீரணத்தில் தொடங்கிய மனிதர் கிட்னிக் கல்லுக்குப் போனபோது, அந்த மைக் யாருடையது, கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

வைத்தியம் பார்ப்பதற்கும் சட்டம் வந்துவிட்டது. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இல் வந்தது. சித்தமும் ஆயுர்வேதமும் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்ற பிரிவில் அதற்குள் வருகின்றன. நம் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். முறையாகப் படித்த சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து மண்டபத்தில் பேசவையுங்கள், நான் முதல் வரிசையில் உட்காருகிறேன்.

இப்போது அந்தக் கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இரைப்பைச் சுவரில் இந்தக் கிருமி வாழ்வதைக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடமும், நம் இந்தியர்களிடம் அதைவிட அதிகமாகவும் இந்தக் கிருமி இருப்பதாக மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்படப் பலர் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரே ஊர்த் தண்ணீர், ஒரே பாசார் மீன், ஆனாலும் வித்தியாசம் பெரிது. கிருமி பல வருடம் அப்படியே இருந்தால் சிலருக்குப் புண்ணாகும், மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்வரை போகும். ஒரு பையில் ஊதிக் காட்டும் மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மலத்தைச் சோதித்தும் கண்டுபிடிக்கலாம். சிகிச்சைக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் இரண்டு, பெரும்பாலும் இரண்டு வாரம். அக்காவுக்கு அந்த இரண்டு வாரத்தில் கிருமி போய்விட்டது. அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு அவர் கொடுத்தது ஒரு வெள்ளி. போத்தலுக்குக் கொடுத்தது 250.

‘கேஸ்திரிக்’ என்ற சொல்லே எனக்கு இப்போது பிடிப்பதில்லை. நெஞ்சடைப்பும் அந்தப் பெயரில்தான் நம் வீட்டுக்குள் வருகிறது. மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, குமட்டல், “காத்துதான், கோடாலித் தைலம் தடவு” என்பார்கள். சர்க்கரை உள்ளவருக்கு வலிகூடச் சரியாகத் தெரியாது. எங்கள் தாமானில் ஒருவர் இரவு முழுவதும் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்துவிட்டு விடியற்காலையில் போய்விட்டார்.

நான் கேட்பது பெரிதல்ல. மருந்து விற்க மண்டபமோ கடையிடமோ கேட்டு வருகிறவரிடம், பேனர் கட்டும் முன்பே ஒரு போத்தலை வாங்கி மேசையில் வையுங்கள். எண்ணை இணையத்தில் தட்டிப் பாருங்கள். விளம்பர அனுமதி எண் இல்லையென்றால் மைக் கிடையாது என்று சொல்லுங்கள். மாலை வேண்டவே வேண்டாம். வாடகை ஐந்நூறு வெள்ளி போய்விடும் என்று பொருளாளர் வருத்தப்படலாம், அந்தக் குறையை ஈடுகட்ட எங்கள் குடும்பம் ஒரு நாள் அன்னதானச் செலவை ஏற்றுக்கொள்ளும். அப்படியும் யாராவது உள்ளே வந்து “மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்” என்று சொன்னால், அந்த இடத்திலேயே மைக்கைப் பிடுங்கி, கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும்தான், அது எது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

எண்ணைத் தேடிப் பார்க்கத் தெரியவில்லை, ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். தீவு என்றாலும் பெர்ரி ஏறி வந்துவிடுவேன். அக்காவும் வருகிறேன் என்கிறார். அவரிடம் மூன்றாவது போத்தல் பாதி மிச்சம் இருக்கிறது, வீசவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை மேசையில் வைத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தக ஊழியன்,
பட்டர்வொர்த்